முகப்பிசை என்னுடையது, பெயர் மட்டும் இல்லை

கறுப்புவெள்ளைக் கட்டை எழுதியது:

2006-இல் சென்னையில் நாங்கள் நால்வர் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். நங்கநல்லூரில் ஒரு மொட்டைமாடி அறைதான் ஒத்திகைக் கூடம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவர் முழுக்க ஒட்டிய முட்டை அட்டைகள். மே மாத மதியங்களில் வியர்வையில் கீபோர்டு கட்டைகள் வழுக்கும்.

ஒருநாள் பாடகன் புதுப்பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். வரிகளும் மெட்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் எடுத்த எடுப்பில் பல்லவி தொடங்கியதால் பாட்டு வெறிச்சென்று இருந்தது. நான் ஆர்கன் ஒலியை வைத்துக்கொண்டு, சரணத்தின் கடைசிச் சுரத்திலிருந்து படிப்படியாக இறங்கி வரும் ஒரு முகப்பிசையை மூன்று நாட்கள் தேடிப் பிடித்தேன். இரண்டு சரணங்களுக்கு நடுவிலும் அதே இசை திரும்பி வரும். கல்லூரி விழாக்களில் அதன் முதல் நான்கு சுரங்கள் கேட்டதுமே மாணவர்கள் கைதட்டத் தொடங்குவார்கள்.

மறு ஆண்டு கைக்காசைப் போட்டு சிடி வெளியிட்டோம். அச்சகத்திலிருந்து பெட்டி வந்த அன்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். 'பாடல், இசை' என்ற இடத்தில் பாடகன் பெயர் மட்டும் இருந்தது. கடைசி வரியில், பொடி எழுத்தில், கீபோர்டு வாசித்தவன் நான். கேட்டதற்கு, "பாட்டை நான்தானேடா கொண்டுவந்தேன். நீ வாசித்தாய், அதைப் போட்டிருக்கிறேனே" என்றான். அவன் ஏமாற்றவில்லை. மனதார அப்படித்தான் நம்பினான். எனக்கு வலித்தது அதுதான். நான்கு மாதத்தில் குழுவை விட்டு விலகினேன்.

2009 ஜூலை இறுதியில் புரோகல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் வழக்கைப் பற்றிப் படித்தபோது கை நடுங்கிவிட்டது. 1967-இல் வெளிவந்த 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாடலுக்கு அந்த ஆர்கன் முகப்பிசையை அமைத்தவர் மேத்யூ ஃபிஷர். அவர் குழுவில் சேரும் முன்பே கேரி புரூக்கரும் கீத் ரீடும் பாட்டை எழுதியிருந்தார்கள். அதனால் பெயரும் ராயல்டியும் அந்த இருவருக்கே போயின. ஃபிஷர் வழக்குத் தொடுத்தது 2005-இல், 38 ஆண்டுகள் கழித்து. 2006 இறுதியில் லண்டன் உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் அவருடையது என்றது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இணை ஆசிரியர் என்பது சரி, ஆனால் இவ்வளவு தாமதமாக வந்தவருக்குப் பணப்பங்கு இல்லை என்றது. கடைசியில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக அவர் பக்கம் நின்று பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்குக்கு முந்தைய ஆண்டுகளின் பணம் மட்டும் கிடைக்கவில்லை. அறுபதுகளை நினைவில் வைத்திருக்கும் ஒருத்தி என்ற முறையில், மறக்க முடியாத அந்த ஆர்கன் பகுதியை ஆக்கியவருக்கு உரிய பெயர் கிடைத்ததில் மகிழ்ச்சி என்று அவர்களில் ஒருவரான ஹேல் சீமாட்டி தீர்ப்பிலேயே எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

நான் வழக்குப் போடவில்லை. எங்கள் சிடி விற்றதே சில நூறுதான். பணத்துக்காக நான் கேட்கவும் இல்லை. அந்த முகப்பிசை உருவான ஒத்திகைகளின் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று நாளும் நான் தடுமாறுவதும், பிடித்துவிட்டதும் டிரம்மர் "அதேதான், விடாதே!" என்று கத்துவதும் அதில் கேட்கும்.

இரண்டு குச்சி எழுதியது:

கேசட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டம், இசையைச் சுரக்குறிப்பாக எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதை அமைத்தவரே இசையமைப்பாளர் என்கிறது. சுரம் எழுதத் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நான் டிரம்மர். எந்தக் குழுவிலும் முதலில் விடுபடுவது எங்கள் பெயர்தான். குயீன் குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லர் கதை நேர்மாறானது. 1975-இல் 'போஹிமியன் ராப்சடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் அவர் எழுதிய கார் பாட்டு இருந்தது. தட்டு விற்றால் இரண்டு பக்கத்தையும் எழுதியவர்களுக்குச் சமப் பணம். மக்கள் வாங்கியதோ முன்பக்கத்துக்காக. அந்த மனக்கசப்பு குழுவுக்குள் நெடுநாள் இருந்தது. 1989-இல் 'தி மிராக்கிள்' தொகுப்பில் எல்லாப் பாட்டையும் 'குயீன்' என்ற ஒரே பெயரில் போட்டார்கள்.

நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். வரிகள், மெட்டு, இடையிசை, தாளக்கட்டு யார் யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, ஒத்திகை முடிந்து டீ குடிக்கப் போகும் முன்பே நால்வரும் கையெழுத்துப் போடுவோம். முதல் பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் சண்டை. ஐந்தாவது பாட்டுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

ஆறு தந்தி எழுதியது:

மேலே எழுதிய கீபோர்டு நண்பரே, நான் எதிர்ப்பக்கத்து ஆள். கோயம்புத்தூரில் ஒரு குழுவுக்குப் பாட்டு எழுதிப் பாடியவன். எங்கள் பேஸ் கிடார்காரன் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னபோது முகத்துக்கு நேரே மறுத்தேன். ஸ்பாண்டவ் பாலே என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் வழக்கைக்கூட எடுத்துச் சொன்னேன். அந்தக் குழுவின் மூவர், பாடல்களை எழுதிய கேரி கெம்ப் மீது தொடுத்த வழக்கில் 1999-இல் தோற்றார்கள். கெம்ப் பாட்டை முடித்து எடுத்துவந்து வாசித்துக் காட்டுவார். மற்றவர்கள் அதைத் திறமையாக வாசித்தார்கள், ஆனால் வாசிப்பது வேறு, இயற்றுவது வேறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் நினைக்கிறேன். இரவெல்லாம் விழித்து ஒரு பாட்டை முழுதாகப் பெற்றெடுத்தவனுக்கு, வாசித்தவர்கள் எல்லோரும் பங்கு கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் எங்கள் பாட்டு அப்படி முடிந்து வந்த பாட்டு இல்லை. அது எனக்குத் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின. குழு கலைந்தபின் ஒரு சிறிய அரங்கில் கிடாரோடு தனியாகப் பாடப் போனேன். அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுத் தந்தியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் முணுமுணுக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கமே முணுமுணுத்தது. அது என் பல்லவி இல்லை. எங்கள் பேஸ் கிடார்காரன் அமைத்த ரிஃப், பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு. அதை அவர்கள் முடிக்கும் வரை நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பாட்டை இணையத்தில் மறுபடி ஏற்றியபோது, இசையமைப்பாளர் என்ற கட்டத்தில் இரண்டு பெயர்களை நிரப்பினேன். அந்தத் திரையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை.