பர்னிங் மேன் கேம்ப் வாழ்க்கை: யார் சமைப்பது, யார் கழுவுவது, கடைசி நாளில் யார் நிற்பது

அமெரிக்கப் பாலைவனத்தில் வருடந்தோறும் நடக்கும் பர்னிங் மேன் விழாவுக்கு முதல் தடவையாகக் கிளம்பும் சிலர், எந்த கேம்பில் (அங்கே சேர்ந்து தங்கி, சேர்ந்து சமைக்கும் குழுவில்) சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று அந்த கேம்பில் கேளுங்கள். யாராவது தயங்காமல் பதில் சொன்னால் நம்பிச் சேரலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் வேறு இடம் தேடுங்கள்.

நெவாடாவில் பிளாக் ராக் பாலைவனம் என்பது லஹோண்டன் என்ற பழங்கால ஏரி வற்றிப்போன தரை. ஆகஸ்ட் கடைசியில் அங்கே சுமார் எழுபதாயிரம் பேர் கூடும் ஒரு நகரம் எழும்பி, செப்டம்பர் முதல் வாரத்தில் இல்லாமல் போகும். கடைகள் கிடையாது. ஐஸ் மட்டும் காசு கொடுத்து வாங்கலாம். தற்காலிகக் கழிப்பறைகளை ஏற்பாட்டாளர்கள் வைப்பார்கள். மற்றபடி தண்ணீர், அரிசி, நிழல், மின்சாரம் எல்லாம் நாம் கொண்டுபோவதுதான். குப்பைத் தொட்டி எங்குமே இல்லை. நிலம் மத்திய அரசுடையது, அதன் நில மேலாண்மைத் துறை கொடுக்கும் அனுமதியில்தான் விழா நடக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது. குடிப்பது, சமைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஆறு லிட்டர் என்று கணக்கு. நாற்பது பேர் உள்ள கேம்ப் என்றால் தினம் 240 லிட்டர். அதில் அழுக்காகத் திரும்பி வருவதையெல்லாம் பீப்பாயில் பிடித்து, லாரியில் ஏற்றி, வெளியே அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் கேம்பின் மொத்தச் சமையல் முறையும் இந்தக் கழிவுநீரை வைத்துத்தான் அமைந்தது. தட்டும் டம்ளரும் கரண்டியும் அவரவருடையது. சாப்பிட்டதும் ரொட்டியாலோ காகிதத்தாலோ துடைத்துவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் அடித்து மறுபடி துடைத்தால் போதும். பெரிய பாத்திரங்கள் மட்டும்தான் தொட்டிக்குப் போகும். எண்ணெய் மிதக்கும் குழம்பு வைத்தால் அடுத்த ஷிஃப்ட்காரர் பாடு திண்டாட்டம். என் ராத்திரிச் சமையல் முறை வந்தபோது வீட்டிலேயே காய்ச்சிக் கொண்டுபோன புளிக்காய்ச்சலை எடுத்தேன். சோறு வடித்துக் கிளறினால் வேலை முடிந்தது. ஐஸ் பெட்டியில் இடம் கேட்காது, வெயிலில் கெடாது, தட்டிலும் ஒட்டாது. புளியோதரையைக் கேள்வியே பட்டிராதவர்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஷிஃப்ட் அட்டவணையை ஜூன் மாதமே போட்டுவிடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு சமையல், ஒரு கழுவல், ஒரு ஐஸ் ஓட்டம், ஒரு கழிவுநீர் முறை. இது போக கூடாரம் எழுப்பும்போதோ பிரிக்கும்போதோ கட்டாயம் இருக்க வேண்டும். ஐஸ் ஓட்டத்தை எளிது என்று நினைக்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் சைக்கிளில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். நிழற்பந்தல் கட்டுவது அதைவிடக் கடினம். கயிற்றையும் சாதாரண முளையையும் நம்பினால் ஒரே புழுதிக் காற்றில் பந்தல் பக்கத்து கேம்புக்குப் போய்விடும். ஒன்றரை அடி நீள லேக் போல்ட்டை (தடித்த திருகாணியை) இம்பாக்ட் டிரைவர் என்ற மின் திருகு கருவியால் தரைக்குள் முறுக்கி இறக்குவோம். முதலில் வருபவர்கள் நிழலே இல்லாமல் நின்று இதைச் செய்கிறார்கள். பின்னால் வருபவர்கள் வந்த உடனே நிழலில் உட்காருகிறார்கள். இந்த வித்தியாசத்தை மறக்காத கேம்ப்தான் நல்ல கேம்ப் என்பது என் கருத்து.

ஒரு வருடம் ஒரு புது உறுப்பினர், இரண்டு மடங்கு பணம் தருகிறேன், என்னை ஷிஃப்டில் போடாதீர்கள் என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. வேலையில் நொந்துபோய் ஓய்வு தேடி வந்தவர். நாங்கள் இரண்டு மணி நேரம் பேசினோம். விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004இல் எழுதிய பத்துக் கொள்கைகளில் தன் காலில் நிற்பதும் இருக்கிறது, கூட்டு உழைப்பும் இருக்கிறது, எதையும் விற்பனைச் சரக்கு ஆக்காதிருப்பதும் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தயாராகக் கொடுக்கும் கேம்புகள் மேல் அங்கே வருத்தமும் கோபமும் உண்டு. எனக்கும் உண்டு. நாற்பது பேரில் ஒருவருக்கு மற்றவர்கள் வேலைக்காரர்கள் ஆகிவிட்டால் அந்த ஒருவருக்குத்தான் பெரிய நஷ்டம், அவருக்கு யாரையும் தெரியாமல் போகும். கடைசியில் கேம்ப் பொறுப்பாளர் அவரிடம் எடை தூக்காத வேலையைக் கொடுத்தார். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வருகிறவர்களுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுப்பது. அதன்பின் அவரை அந்த மேசையிலிருந்து எழுப்புவதே சிரமமாகிவிட்டது.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் 2023 மழையின்போது இருந்தேன், அதைச் சொல்கிறேன்.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை பெய்யத் தொடங்கியது. அந்தத் தரை நனைந்தால் சேறாக மட்டும் ஆவதில்லை, செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. ஒவ்வொரு அடிக்கும் காலடியில் சேறு தடித்துக்கொண்டே போகும். ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸ் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி நடந்தவர்களுக்குத்தான் நகர முடிந்தது. வாகனம் ஓட்டத் தடை. நுழைவாயில் மூடியாயிற்று. உணவையும் தண்ணீரையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. கழிப்பறையைச் சுத்தம் செய்யும் லாரிகளும் வர முடியவில்லை.

எங்கள் சமையலறைப் பொறுப்பில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒரு அம்மா இருந்தார். அறிவிப்பு வந்த ஒரு மணி நேரத்தில் எல்லோருடைய கூடாரத்திலும் இருந்த சாப்பாட்டை ஒரே மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள், தனக்கென்று வாங்கி வந்தது ஆயிற்றே. அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. தன்னுடைய பெட்டியை முதலில் திறந்து வைத்தார், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஐஸ் பெட்டியில் கெடக்கூடியதை முதல் நாள், டப்பா உணவை அடுத்த நாள், காய்ந்த பருப்பும் அரிசியும் கடைசிக்கு என்று எழுதி ஒட்டினார். பக்கத்தில் தனியாக வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பேரையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார், எத்தனை நாளுக்கு இருக்கிறது என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதை வேறு யாரும் யோசிக்கவில்லை.

திங்கள்கிழமை சாலை திறந்தது. விழாவுக்குப் பெயர் தந்த பெரிய மனிதச் சிலை சனிக்கிழமை எரிந்திருக்க வேண்டும், திங்கள் இரவுதான் எரிந்தது. செய்திகளில் பயங்கரமாகக் காட்டினார்கள். எங்கள் கேம்பில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, சண்டை போடவில்லை. அதற்கு அந்த அம்மாதான் முழுக் காரணம். அவரை எங்கே பார்த்தாலும் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும்.

*

பிரிப்பு வேலையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இங்கே மூன்றாவதாக எழுதுகிறவன் நான், கடைசி வரை நிற்கும் குழுவில் எப்போதும் பெயர் கொடுப்பவன்.

விழாவுக்கென்று மரத்தால் கட்டும் கோயில் ஞாயிறு ராத்திரி எரிந்ததும் பாதிப்பேருக்கு மனம் வீட்டுக்குப் போய்விடும். திங்களன்று வெளியேறும் வரிசையில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதனால் விடிவதற்கு முன்னாலேயே ஓடப் பார்ப்பார்கள். மிஞ்சுகிறவர்கள் பந்தலைப் பிரித்து, போல்ட்டையெல்லாம் பிடுங்கி, கம்பளங்களைத் தட்டி ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் எல்லோரும் கை எட்டும் தூரத்தில் ஒரு வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி மெதுவாக நடப்போம். தரையில் இருக்கக் கூடாத எதையும் அங்கே மூப் என்பார்கள். ஜிகினா, பிஸ்தா ஓடு, கேபிள் டையின் வெட்டிய முனை, தலைமுடி, ஒரு பருக்கை சோறு, எல்லாம் மூப்தான்.

நாங்கள் போன பிறகு ஏற்பாட்டாளர்களின் துப்புரவுக் குழு நகரம் முழுவதையும் இதே போல நடந்து பார்த்து, ஒவ்வொரு கேம்ப் இடத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் நிறம் போடும். அரசு ஆய்வாளர்களும் வந்து அளப்பார்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை தேறக் கூடாது என்பது அளவு. சிவப்பு வாங்கிய கேம்புக்கு அடுத்த வருடம் இடம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு யோசனை, எல்லா கேம்புக்கும். கோழி இறகு வைத்த உடை, உதிரும் ஜிகினா, ஓடு உள்ள கடலை இவற்றைக் கொண்டுவரவே கூடாது என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். குனிந்து பொறுக்கும் நேரம் பாதியாகக் குறையும். பெடலில் மாட்டிய கால் விரல், காரத்தன்மையுள்ள தூசியில் வெடித்த குதிகால் இதோடெல்லாம் குனிவது லேசுப்பட்ட வேலை இல்லை. ராத்திரியில் வினிகர் கலந்த தண்ணீரில் காலைக் கழுவி எண்ணெய் தடவிப் படுங்கள், வெடிப்பு ஆறும்.

எங்கள் கேம்பில் அடுத்த வருடம் பிரிப்புக் குழுவுக்கு ஆள் வேண்டும். செவ்வாய் வரை லீவு போடக்கூடியவர்கள், இம்பாக்ட் டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கட்டும்போது சொல்லிக்கொடுக்கிறோம். ஏப்ரலுக்குள் பெயர் வந்தால் டிக்கெட், வண்டி எல்லாம் சேர்த்துத் திட்டமிட வசதியாக இருக்கும்.