கவுண்டி ஆபீஸில் கல்யாணப் பேப்பர்: உங்கள் கதையைச் சொல்லுங்கள்

முதல் பதிவு (கலிபோர்னியா)

எங்கள் கல்யாணம் 2022 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து இரண்டு பக்கத்துப் பெற்றோரும் வந்தாகிவிட்டது. கோவில், சாப்பாடு, மாலை எல்லாம் பேசியாகிவிட்டது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளர்க்கிடம் முன்கூட்டியே கல்யாண லைசன்ஸ் வாங்க வேண்டும் என்பது பத்து நாளைக்கு முன்னால்தான் உறைத்தது. கல்யாணம் முடிந்த பிறகு போய்ப் பதிவு செய்துகொள்ளலாம் என்று நம்மூர் நினைப்பிலேயே இருந்துவிட்டேன்.

நல்லவேளை, கலிபோர்னியாவில் காத்திருக்கும் நாள் என்று ஒன்று கிடையாது. வாங்கிய நாளிலிருந்து 90 நாள் செல்லும். இருவரும் நேரில் போக வேண்டும், பாஸ்போர்ட் போதும். போனோம். சிக்கல் பெயரில் ஆரம்பித்தது.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. விசாவில் அதற்குப் பதிலாக முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்திருப்பார்களே, அதேதான். கவுன்டரில் இருந்த அம்மா அதை உரக்கப் படித்து, "உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள், எஃப்னூ என்றா?" என்று கேட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார். விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்து பெற்றோரின் பிறந்தபோதைய முழுப்பெயர். மாமியாருக்கு இனிஷியல்தான் உண்டு, அது எந்தத் தாத்தாவின் பெயர் என்று வாசலில் நின்று போன் போட்டுக் கேட்டோம்.

கடைசியாகக் கல்யாணத்துக்குப் பிறகு என்ன பெயர் என்ற கட்டம். 2009-லிருந்து கலிபோர்னியாவில் மாப்பிள்ளை, பெண் யார் வேண்டுமானாலும் லைசன்ஸிலேயே பெயரை மாற்றிக்கொள்ளலாம். "அப்புறம் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள். அப்புறம் என்பது கிடையாது, இதில் பிறகு திருத்த முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் அந்த அம்மா. நின்ற இடத்திலேயே முடிவெடுத்து என் கடைசிப் பெயரைப் போட்டாள். என் கடைசிப் பெயர் என்பது என் அப்பா பெயர்தானே. ஊரில் புருஷன் பெயரை இனிஷியலாகப் போடுவார்கள், இங்கே மாமனார் பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

இதற்கெல்லாம் மேலாக, கல்யாணத்தன்று நடத்திவைத்த வாத்தியார் (புரோகிதர்) லைசன்ஸில் கையெழுத்துப் போட்டு, தேதியை நம்மூர் வழக்கப்படி 6/11 என்று எழுதிவிட்டார். பக்கத்திலிருந்த மாமா ஒருவர் பதறிப்போய், இங்கே மாதம்தான் முதலில் என்று சொல்ல, அதன்மேலேயே 11/6 என்று அழுத்தி எழுதினார். மூன்று வாரம் கழித்து கவுண்டியிலிருந்து கடிதம்: அடித்தல் திருத்தல் இருக்கிறது, பதிய முடியாது, நகல் லைசன்ஸ் வாங்குங்கள். மறுபடி கட்டணம், மறுபடி வாத்தியார், மறுபடி சாட்சி. அவளுக்கு எச்4 (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) போட சான்றிதழ் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது?

டெக்சஸிலிருந்து

எங்கள் சிக்கல் நாங்களே வரவழைத்துக்கொண்டது. சனிக்கிழமை காலை முகூர்த்தம், வியாழன் மதியம் போய் லைசன்ஸ் வாங்கினோம். இங்கே வாங்கியதிலிருந்து 72 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம் நடக்கலாம். ராணுவப் பணியில் இருந்தால் விலக்கு உண்டு. இல்லையென்றால் 'டுகெதர் இன் டெக்சஸ்' என்று எட்டு மணி நேர வகுப்பு இருக்கிறது, அதை முடித்திருந்தால் காத்திருக்க வேண்டாம், கட்டணத்திலும் 60 டாலர் குறையும். இரண்டும் இல்லாத நாங்கள் சனிக்கிழமை தாலி கட்டிவிட்டு, திங்கட்கிழமை ஒரு ஜட்ஜ் முன்னால் போய் நின்றோம். மருதாணி கையோடு, ஜீன்ஸில். அரசாங்கக் கணக்கில் எங்கள் கல்யாண நாள் திங்கள்தான். வீட்டில் இரண்டையும் கொண்டாடுகிறோம், அதாவது இரண்டிலும் நான்தான் பரிசு வாங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பிறகு காப்பி வேண்டியபோது ஆஸ்டினில் உள்ள மாநில அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் தருவது 1966-லிருந்து நடந்த கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்ற உறுதிக் கடிதம் மட்டும்தான். சர்டிஃபைட் காப்பி வேண்டுமென்றால் கவுண்டி கிளர்க்தான். அதிலும் எந்தக் கவுண்டி? கோவில் டாலஸ் கவுண்டியில், லைசன்ஸ் வாங்கியது காலின் கவுண்டியில். லைசன்ஸ் கொடுத்த இடத்தில்தான் பதிவு இருக்கும். நான் முதலில் தேடியது, சொல்ல வேண்டுமா, மற்றதில்.

நியூ ஜெர்சியிலிருந்து

இங்கே இந்த வேலைக்குக் கவுண்டியே கிடையாதுங்க. டவுன்ஷிப்பில் இருக்கிற லோக்கல் ரெஜிஸ்ட்ராரிடம்தான் போக வேண்டும், 72 மணி நேரம் இங்கேயும் உண்டு. ஆற்றைத் தாண்டினால் நியூயார்க்கில் டவுன் அல்லது சிட்டி கிளர்க், 24 மணி நேரம். கூகுளில் பார்த்துவிட்டு கவுண்டி கட்டடத்தில் போய் நின்ற அனுபவம் எனக்கும் உண்டு.

பென்சில்வேனியாவிலிருந்து

என் கல்யாணமில்லை, அம்மா அப்பாவுடையது. 1981-இல் பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவிலில் நடந்தது. அப்பா போன பிறகு சோஷியல் செக்யூரிட்டிக்காக அம்மாவிடம் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் ஆல்பம் இருந்தது, பத்திரிகைகூட மஞ்சள் காய்ந்து இருந்தது. சான்றிதழ் இல்லை.

இந்த மாநிலத்தில் கல்யாணப் பதிவுகளை மாநில அரசு வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் கவுண்டி கோர்ட்டில்தான். அதுவும் எந்தப் பிரிவு தெரியுமா? ஆர்ஃபன்ஸ் கோர்ட். அனாதைகள் நீதிமன்றம்! உயில், வாரிசு விவகாரம் எல்லாம் பார்க்கிற பழைய கோர்ட், அதற்கு அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அம்மாவிடம் சொன்னதும், "ஏண்டி, கல்யாணம் பண்ணிண்டதுக்கு அங்கேயா போகணும்?" என்றாள்.

அலெகெனி கவுண்டியில் அப்பா பெயரைச் சொல்லித் தேடினால் வரவில்லை. அம்மா பெயரைச் சொன்னாலும் இல்லை. வருஷம் தப்போ என்று 1980, 82 இரண்டையும் பார்த்தோம். அங்கிருந்த வயதான கிளர்க் ஒருவர் பொறுமையாக, "முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்" என்றார். அதுவும் இல்லை. கடைசியில் கிடைத்தது என் தாத்தா பெயரில். அம்மா ஃபார்மில் இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறாள். அதுவே அவளுடைய குடும்பப் பெயராகி, அதன் கீழ் அட்டவணையில் ஏறியிருக்கிறது. அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

சான்றிதழோடு விண்ணப்பத்தின் காப்பியும் வாங்கினேன். வாங்குங்கள், விட்டுவிடாதீர்கள். சான்றிதழில் பெயரும் தேதியும்தான் இருக்கும். விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'மாணவர்' என்று இருந்தது. அவர்கள் அப்போது குடியிருந்த தெரு, நான் கேள்விப்பட்டே இராதது. அப்பாவின் கையெழுத்து பிற்காலத்தில் போட்ட மாதிரி கிறுக்கலாக இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, ஸ்கூல் பையன் மாதிரி. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்தத் தெருவில் குளிருக்கு ஹீட்டர் வேலை செய்யாது" என்று மட்டும் சொன்னாள்.

லாஸ் வேகஸ் ஆசாமி

கிளார்க் கவுண்டியின் லைசன்ஸ் அலுவலகம் தினமும் காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை, லீவு நாளும் சேர்த்து. 102 டாலர், காத்திருப்பு இல்லை, ஒரு வருஷம் செல்லும். இரவு பதினொன்றரைக்கு வாங்கினோம். கல்யாணம் நடத்திவைத்த சேப்பலில் தங்க எழுத்தில் தந்த சான்றிதழை ஃப்ரேம் போட்டு, அதையே வக்கீலுக்கும் அனுப்பிவிட்டேன். அது வெறும் நினைவுப் பரிசு என்று அவர் சொன்ன பிறகு கவுண்டியில் 20 டாலர் கட்டி அசலை வாங்கினோம். வீட்டில் எப்போது சொன்னோம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

மறுபடி கலிபோர்னியா, வேறு ஒருவர்

பழைய பதிவுகளைத் துருவுவது எனக்குப் பொழுதுபோக்கு. 1948 வரை இங்கே வெள்ளையர் கறுப்பரையோ சில ஆசிய இனத்தவரையோ கட்டிக்கொள்ள லைசன்ஸ் தரக்கூடாது என்று சட்டம் இருந்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்த பஞ்சாபி ஆண்கள் மெக்சிகப் பெண்களைக் கட்டிக்கொள்ளப் போனபோது, ஆளைப் பார்த்து முடிவு செய்தவர் கவுண்டி கிளர்க்தான். இருவருக்குமே நிறம் 'பழுப்பு' என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு, முடியாது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அந்தச் சட்டம் விழுந்ததுகூட லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கிளர்க் ஒரு ஜோடிக்கு லைசன்ஸ் மறுத்த வழக்கில்தான். எஃப்னூ என்று கேட்ட அம்மா எவ்வளவோ தேவலை.

முதல் பதிவர்

எல்லோருக்கும் நன்றி. தாத்தா பெயரில் கிடைத்த கதையை மனைவியிடம் காட்டினேன், உடனே மாமியார் பெயரை எப்படி எழுதினோம் என்று காப்பியை எடுத்துப் பார்த்தாள். அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி தரும் அரசுச் சான்று) பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: அது கவுண்டி வேலை இல்லை, மாநிலச் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தருவது. சர்டிஃபைட் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், ஜெராக்ஸ் செல்லாது.

எங்கள் கதையின் மிச்சம்: நகல் லைசன்ஸோடு வாத்தியார் வீட்டுக்கே போனோம். காபி கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாதத்தை இந்த முறை எழுத்திலேயே 'நவம்பர்' என்று எழுதினார்.