ஆட்டோகேட்: சுருக்கப்பெயரை மாற்றியும் பழைய கட்டளையே வருகிறது, கருவிப்பட்டைகளும் நிலைக்கவில்லை

கேள்வி

வணக்கம். கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடின் புதிய பதிப்பை நிறுவிய நாளிலிருந்து இரண்டு சிக்கல்கள் தீராமல் இருக்கின்றன.

முதலாவது, சுருக்கப்பெயர் பற்றியது. வலக்கை எப்போதும் சுட்டியில் இருப்பதால், காப்பி கட்டளைக்குச் 'சி.ஓ.' என்று அடிக்க ஒவ்வொரு முறையும் இடக்கையை விசைப்பலகையின் மறுபக்கம் வரை நீட்ட வேண்டியுள்ளது. ஆகவே 'சி' என்ற ஒற்றை எழுத்தையே காப்பிக்கு வைத்துக்கொள்ள விரும்பினேன். நிரல் நிறுவப்பட்டுள்ள கோப்புறைக்குள் தேடி, சுருக்கப்பெயர்கள் எழுதப்பட்டுள்ள அகேட்.பிஜிபி கோப்பைக் கண்டுபிடித்து, அதன் தொடக்கத்தில் 'சி, *காப்பி' என்ற வரியைச் சேர்த்தேன். சேமிக்கும்போது நிர்வாகி அனுமதி கேட்டது, கொடுத்தேன். கணினியை மூடித் திறந்த பிறகும் 'சி' அடித்தால் வட்டம் வரையும் சர்க்கிள் கட்டளைதான் வருகிறது.

இரண்டாவது, நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய கருவிப்பட்டைகள், முப்பரிமாணப் பணிவெளிக்கு (வேறொரு திரை அமைப்புக்கு) சென்று திரும்பியவுடன் மறைந்துவிடுகின்றன. ஒரு நாளில் நான்கைந்து முறை அவற்றை மீண்டும் அடுக்குகிறேன். நான் எங்கே தவறு செய்கிறேன் என்று யாரேனும் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நிர்வாகி அனுமதி கேட்டதாக நீங்கள் எழுதிய இடத்திலேயே விடை இருக்கிறது. நிரல் கோப்புறையில் நீங்கள் திருத்தியது மூலப்படி மட்டுமே. ஆட்டோகேடை ஒரு பயனர் முதன்முறை திறக்கும்போது, அந்தப் படியிலிருந்து அவருக்கென ஒரு நகல் அவருடைய பயனர் கோப்புறைக்குள் எடுக்கப்படுகிறது; அதன்பின் நிரல் படிப்பது அந்த நகலைத்தான். அதைத் திருத்த எந்த அனுமதியும் கேட்காது. அது இருக்கும் ஆப்டேட்டா கோப்புறையை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைத்திருப்பதால், தேடியபோது அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

ஊகத்தில் தேட வேண்டாம். கட்டளை வரியில் அடைப்புக்குறி திறந்து, ஃபைண்ட்ஃபைல் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோளுக்குள் கோப்பின் பெயரைத் தந்து, அடைப்புக்குறியை மூடுங்கள். ஆட்டோகேட் எந்தக் கோப்பை எடுத்துக்கொள்கிறதோ அதன் முழுப் பாதையும் திரையில் வரும். இது ஆட்டோகேடுக்குள் உள்ள லிஸ்ப் நிரல்மொழியின் கட்டளை; வசதிகள் குறைந்த எல்.டி. பதிப்பில் 2024 முதல்தான் அது உண்டு. அதற்கு முந்தைய எல்.டி. வைத்திருப்போர் ரிப்பனின் மேனேஜ் தாவலில் உள்ள எடிட் அலையசஸ் பொத்தானை அழுத்தினால் சரியான கோப்பே திறக்கும்.

திருத்திச் சேமித்த பின் ரீஇனிட் கட்டளையைக் கொடுத்து, வரும் பெட்டியில் பிஜிபி கோப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணினியை மூடித் திறக்கத் தேவையில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னது போலவே பாதை வேறாகத்தான் வந்தது. அந்தக் கோப்பின் தொடக்கத்தில் என் வரியைச் சேர்த்து ரீஇனிட் கொடுத்தேன். ஆனால் இப்போதும் வட்டமே வருகிறது.

மறுமொழி 2

வரியைத் தொடக்கத்தில் சேர்த்ததுதான் காரணம். ஒரே சுருக்கப்பெயர் இரண்டு முறை வந்தால் பின்னால் வருவதே செல்லும். உங்கள் வரிக்குக் கீழே, 'சி' என்பது சர்க்கிள் என்று சொல்லும் பழைய வரி அப்படியே இருக்கிறது. கோப்பின் கடைசிக்குச் சென்றால், பயனர் தாமாகச் சேர்க்கும் சுருக்கப்பெயர்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அங்கே எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு மாறும்போது உங்கள் வரிகள் ஒழுங்காக இடம்பெயர்வதற்கும் அந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும் என்று கோப்பிலேயே குறிப்பு உள்ளது.

ஆனாலும், கேட்காத ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 'சி'யைச் சர்க்கிளிடமிருந்து பறிப்பதை நான் விரும்பவில்லை. வேறொருவர் கணினியில் அமர நேரும்போது கை பழக்கத்தில் 'சி' அடித்து, வட்டம் வந்து, வேலை தடுமாறும். இரட்டை எழுத்தாகச் 'சிசி' என்று வைத்தால் இடக்கையின் ஒரே விரலில் முடிந்துவிடும். சர்க்கிளும் தன் இடத்திலேயே இருக்கும். இடக்கை எட்டாத சுருக்கப்பெயர்கள் என்று பார்த்தால் மூவ், ஆஃப்செட், லைன் ஆகியவைதான் உண்மையில் தொல்லை தருபவை. இரேஸ், ஃபில்லட், ட்ரிம், ஸ்ட்ரெச் எல்லாம் ஏற்கெனவே இடப்பக்கத்திலேயே உள்ளன. அவற்றைத் தொடவே வேண்டாம்.

சுருக்கப்பெயர் என்பது கட்டளையின் இன்னொரு பெயர் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டளைக்குள் வரும் விருப்பத் தெரிவுகளையும் சேர்த்து ஓட்ட வேண்டுமானால், இடைமுகத்தை மாற்றியமைக்கும் சி.யு.ஐ. கட்டளையில் மேக்ரோ (வரிசையாக ஓடும் கட்டளைத் தொடர்) எழுதி, கன்ட்ரோல் சேர்ந்த குறுக்குவிசையாகவோ கருவிப்பட்டைப் பொத்தானாகவோ வைக்கலாம்.

மறுமொழி 1

கருவிப்பட்டைக்கு வருகிறேன். எந்தெந்தப் பட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பணிவெளிதான் நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் அடுக்கியதை அதில் சேமிக்காததால், முப்பரிமாணத்திலிருந்து திரும்பும்போது பழைய அமைப்பே மீண்டும் ஏற்றப்படுகிறது. ஒருமுறை மனநிறைவாக அடுக்கிவிட்டு, டபிள்யூ.எஸ்.சேவ் கட்டளையால் உங்கள் பெயரிலேயே ஒரு பணிவெளியாகச் சேமியுங்கள். பணிவெளி அமைப்புகளில், மாறும்போது மாற்றங்களைத் தானாகச் சேமிக்கும் தெரிவும் உண்டு. நான் அதைப் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் தவறுதலாக மூடிய பட்டையும் அப்படியே சேமிக்கப்பட்டுவிடும். அதைவிட லாக்யுஐ என்ற அமைப்பு மாறி மூலம் பட்டைகளின் இடத்தைப் பூட்டிவைப்பது எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

நீங்களே உருவாக்கிய பட்டைகள் இருந்தால், அவற்றை சி.யு.ஐ.யின் முதன்மைக் கோப்பில் வைக்காமல் தனியான பகுதிக் கோப்பில் வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது சி.யு.ஐ.லோட் கட்டளையால் அந்த ஒரு கோப்பை ஏற்றினால் போதும்.

கேட்டவர்

இரண்டும் சரியாகிவிட்டன. 'சிசி' என்றே வைத்துக்கொண்டேன். பணிவெளியையும் சேமித்து, மூன்று முறை மாறிப் பார்த்தேன், ஒரு பட்டையும் நகரவில்லை. இன்னும் ஒன்றே ஒன்று: எஸ்கேப் அழுத்தப் போய் விரல் எஃப்1 மேல் பட்டு உதவிச் சாளரம் திறந்துவிடுகிறது. அதை நிறுத்த வழியுண்டா?

மறுமொழி 2

உண்டு. சி.யு.ஐ. சாளரத்தில் புதிய கட்டளை ஒன்றை உருவாக்கி, அதன் மேக்ரோவாகக் கேரட் குறியையும் (^) சி எழுத்தையும் சேர்த்து இருமுறை எழுதுங்கள். ஓடும் கட்டளையை விலக்கும் மேக்ரோ அதுவே. பின் அக்கட்டளையைக் குறுக்குவிசைகள் பகுதிக்கு இழுத்துவிட்டு, எஃப்1 விசையை ஒதுக்குங்கள். அந்த விசை தற்போது எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை அதே பெட்டி காட்டும். உதவி என்று காட்டினால், பழைய உதவிப் பதிவிலிருந்து எஃப்1ஐ நீக்கிவிட்டுச் சேமியுங்கள். அதன் பிறகு விரல் தவறினாலும் எஸ்கேப் அழுத்தியது போலவே கட்டளை விலகும்.