மகன் 2022ல் இருந்து என்னோடு இருக்கிறான், அவனுக்கே ஜீவனாம்ச பாக்கி 2,34,000 கட்டச் சொல்லி கோர்ட் நோட்டீஸ்

பின்னலாடைக்காரன்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2019ல் விவாகரத்து ஆனது. மகன், மகள் இரண்டு பேரும் அம்மாவிடம்தான் இருந்தார்கள், ஆளுக்கு 6,000 வீதம் மாதம் 12,000, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டணும் என்று உத்தரவு. மனைவி வேலைக்குப் போகிறவர், தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

2022ல் பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு மகன் என்னிடம் வந்துவிட்டான். பதினொன்றாவது இங்கேதான் சேர்த்தேன், இப்போது காலேஜ், பீஸ், பஸ் பாஸ், சாப்பாடு எல்லாம் என் செலவு. வரும்போது அவன் அம்மாவும் நானும் போனில் பேசித்தான் முடிவு செய்தோம், எழுதி வைக்கவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. அந்த ஜூலையில் இருந்து மகளுக்கு உரிய 6,000 மட்டும் தவறாமல் அனுப்பி வருகிறேன். மூன்று வருடம் ஒரு பேச்சும் இல்லை. இந்த அக்டோபர் நடுவில் (2025) அவர் மனு போட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. 2022 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை 39 மாதம், மொத்தம் 2,34,000 பாக்கியாம்.

இதில் எனக்குப் புரியாத இன்னொரு விஷயம். மனுவோடு வைத்திருக்கிற கணக்குத் தாளில் நான் அனுப்பிய 6,000ஐ இரண்டு பிள்ளைக்கும் 3,000 – 3,000 என்று பிரித்துப் போட்டு, இரண்டு பேருக்குமே பாதி பாக்கி என்று காட்டியிருக்கிறார்கள். கூட்டினால் அதே தொகைதானே வருகிறது, எதற்கு இப்படிச் செய்கிறார்கள்? என்னிடம் வளர்கிற பிள்ளைக்கு நான் யாருக்குப் பணம் கட்டணும்?

கொங்குத்தமிழன்:
ஒரு பைசா கொடுக்காதீங்க அண்ணா. பையன் உங்ககிட்ட இருக்கான், அவனையே கோர்ட்ல கொண்டுபோய் நிறுத்துங்க, கேஸ் அன்னைக்கே முடிஞ்சிடும்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:
மேலே உள்ள தம்பி சொல்வதைக் கேட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இந்த மனுக்களில் ஆள் வரவில்லை என்றால் அடுத்தது வாரண்ட். பையன் எங்கே இருக்கிறான் என்பது உங்கள் பதிலுக்கு பலம், ஆனால் 2019 உத்தரவு தானாக ரத்தாகிவிடாது. கோர்ட் போட்ட உத்தரவை கோர்ட்தான் மாற்ற முடியும். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டது உங்களுக்குள் நியாயமாக இருக்கலாம், கோர்ட் ரெக்கார்டில் இன்னும் மாதம் 12,000 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் உத்தரவின் முதல் பக்கத்தில் என்ன நம்பர் என்று பாருங்கள். எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) என்று இருந்தால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு, இப்போது அதுதான் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144. எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு) என்று இருந்தால் விவாகரத்து வழக்கிலேயே பிள்ளைகளுக்குப் போட்ட உத்தரவு, இந்து திருமணச் சட்டம் 26. இது தெரியாமல் மேலே எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் காலக்கெடு இரண்டுக்கும் வேறு வேறு. 125 உத்தரவு என்றால் ஒரு தொகை கட்ட வேண்டிய நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் அதற்கு வாரண்ட் கேட்க முடியும். எச்.எம்.ஓ.பி. மாதிரி சிவில் டிகிரி என்றால் அதை வசூலிக்கப் போடுகிற நிறைவேற்றுமனுவுக்கு 12 வருடம் இருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி. பையனுக்கு 18 எப்போது முடிந்தது?

பின்னலாடைக்காரன்:
சார், எம்.சி. நம்பர்தான். பையனுக்கு 2025 ஜனவரி கடைசியில் 18 முடிந்தது. மகள் இப்போது ஒன்பதாவது.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:
அப்படியானால் அந்த 3,000 – 3,000 எதற்கு என்று இப்போது புரிகிறது. அவர்கள் வக்கீல் விவரமானவர்.

125ன்படி மகனுக்கு ஜீவனாம்சம் 18 வயதுவரைதான், உடலாலோ மனதாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால் தவிர. மனு போட்டது 2025 அக்டோபர் நடுவில் என்றால், ஒரு வருடக் கணக்கில் 2024 நவம்பர் 5 தவணையில் இருந்துதான் உள்ளே வரும். மகன் பேரில் நவம்பர், டிசம்பர், ஜனவரி, ஆக மூன்று தவணை, 18,000. அவ்வளவுதான் மிஞ்சும்.

ஆனால் நீங்கள் அனுப்பியதில் பாதியை மகன் கணக்கில் போட்டுவிட்டால், மகளுக்கு மாதம் 3,000 குறைவதாக ஆகிவிடும். மகள் மைனர், அவர்கள் கேட்டிருக்கிற செப்டம்பர் வரை 11 தவணை, அது 33,000. மகன் பேரில் ஒரு 9,000. மொத்தம் 42,000. கூட்டுத்தொகை மாறாத மாதிரி இருக்கும், வசூலாகிற தொகை மாறும். அதோடு ‘ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு அப்பா பாதிதான் கொடுக்கிறார்’ என்று வாதம் வைக்கவும் வழி கிடைக்கும்.

இதை உடைக்க உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்தான் ஆயுதம். பணம் போடும்போது குறிப்பில் மகள் பெயரோ ‘பாப்பாவுக்கு’ என்றோ போட்டீர்களா? வாட்ஸ்அப்பில் ‘பாப்பாவுக்கு அனுப்பிட்டேன்’ என்று சொல்லி அவர் ‘சரி’ என்று பதில் போட்டிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். இதற்கு முன்னால் அவர் எப்போதாவது பாக்கி மனு போட்டு அது முடியாமல் கிடக்கிறதா? தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னது: ஒரு வருடம் என்பது அந்த வாரண்ட் வழிக்குத்தான் தடை, பாக்கிக்கான உரிமையே செத்துப்போவதில்லை. பழைய மனு நிலுவையில் இருந்தால் பிறகு ஏறிய மாதங்களையும் அதிலேயே சேர்த்துக் கேட்கலாம். அப்படி ஒன்று இருந்தால் என் கணக்கு தலைகீழாகிவிடும்.

செல்வி மதுரை:
எதிர்ப்பக்கத்தில் இருந்தும் ஒரு ஆள் பேசட்டும். நானும் ஜீவனாம்சத்துக்காகக் கோர்ட் ஏறியவள்தான்.

அண்ணா, பையன் உங்களிடம் வந்ததும் 6,000ஐ நிறுத்தினீர்கள், சரி. அங்கே வாடகை பாதியாகிவிடுமா? கேஸ் சிலிண்டர் விலை குறையுமா? லீவுக்கு அவன் அம்மா வீட்டுக்குப் போய் இருந்திருப்பான், அப்போது சட்டை செருப்பு எடுத்துக் கொடுத்தது யார்? அந்தக் கணக்கும் மனுவில் வரும், தயாராக இருங்கள். மூன்று வருடம் பேசாதவர் இப்போது ஏன் வந்திருக்கிறார் என்பதையும் யோசியுங்கள். மகளுக்கு 2019ல் போட்ட அதே 6,000தானே இன்னும்? இப்போது அவள் ஒன்பதாவது, டியூஷன், வேன் எல்லாம் என்ன ஆகும் என்று மகனைப் படிக்கவைக்கிற உங்களுக்கே தெரியும். நீங்கள் 2,34,000 பொய்க் கணக்கு என்று போய் நின்றால், அவர் மகளுக்கு உயர்த்திக் கேட்டு அடுத்த மனு போடுவார், அது கிடைக்கும். பெண் பிள்ளைக்கு 18 முடிந்தாலும் கல்யாணம் ஆகும்வரை, தன்னால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி கேட்க வழி இருக்கிறது.

எனக்கு இலவச வக்கீல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கிடைத்தார், பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. அதனால் பிள்ளைகளின் அம்மா செலவுக்குப் பயந்து பின்வாங்குவார் என்று எண்ண வேண்டாம்.

பின்னலாடைக்காரன்:
அக்கா, மகளுக்கு உயர்த்துவதில் எனக்குச் சண்டை இல்லை, கேட்டிருந்தாலே கொடுத்திருப்பேன். என்னிடம் இருக்கிற பையன் பேரில் கேட்கிறார்களே, அதுதான் எரிச்சல். நானும் திருப்பி ‘மகனுக்கு அம்மாவும் செலவு தரணும்’ என்று மனு போடலாமா?

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:
செல்வி சொன்ன இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் மைனர் பிள்ளையைப் பராமரிக்கிற கடமை அப்பா, அம்மா இருவருக்கும் உண்டு. அவன் மைனராக இருந்தபோதே கேட்டிருக்கலாம். இப்போது 18 தாண்டிய பையனுக்காகப் போட்டால் கோபத்தில் போட்ட மனு என்று முதல் வாய்தாவிலேயே தெரிந்துவிடும். விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இந்த மனுவுக்கு எதிருரை, அதாவது எழுத்தில் பதில். 125(3)ல் ‘போதிய காரணம் இல்லாமல்’ கட்டத் தவறினால்தான் வாரண்ட், ஜெயில் எல்லாம். யாருக்குச் செலவு செய்யச் சொல்லி உத்தரவோ அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்து நானே வளர்த்தேன் என்பதைத்தான் போதிய காரணமாக வைக்கணும். அதற்கு வாய் வார்த்தை போதாது. பழைய பள்ளியின் டி.சி.யில் உள்ள தேதி, புதுப் பள்ளியில் சேர்த்த ரெக்கார்டு, எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவு, உங்கள் பெயரில் உள்ள பீஸ் ரசீதுகள், ரேஷன் கார்டில் பெயர் மாற்றியிருந்தால் அது. பையன் மேஜர் ஆகிவிட்டதால் அவனே பிரமாணப் பத்திரம் தரலாம். ஆனால் பெற்ற அம்மாவுக்கு எதிராகக் கூண்டில் ஏற்றுவதை நான் கடைசிக்குத்தான் வைப்பேன், காகிதமே போதும் என்றால் அவனை இழுக்காதீர்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு சொத்து, வருமானம், கடன் எல்லாம் இரண்டு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யணும். மகளுக்கு உயர்த்தும் பேச்சு வந்தால் அது உங்களிடமும் கேட்கப்படும், ஓவர்டைம், போனஸ் எதையும் மறைக்காதீர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, 2019 உத்தரவை மாற்றக் கேட்டு மனு, பழையதில் 127, இப்போது 146. இது பெரும்பாலும் மனு போட்ட தேதியில் இருந்துதான் பலன் தரும், 2022க்குப் போய்த் துடைக்காது. மகன் மேஜர் ஆகிவிட்டாலும் ரெக்கார்டில் அவன் பெயர் இருக்கிறவரை இந்தக் கணக்குத் தாள் திரும்பத் திரும்ப வரும்.

கொங்குத்தமிழன்:
சார், ஒரு மாசம் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா பாக்கி கழிஞ்சிடும்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:
கழியாது தம்பி. 1989லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஜெயில் என்பது கட்டவைப்பதற்கான நெருக்கடி, கடனைத் தீர்க்கிற வழி இல்லை. உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தால் அதே தொகை அப்படியே காத்திருக்கும், வேலை போயிருக்கும்.

செல்வி மதுரை:
18,000 சந்தேகம் இல்லாத தொகை மாதிரி தெரிகிறதே, அதை எதிருரையோடு கோர்ட்டில் கட்டிவிடலாமே? ஜட்ஜுக்கும் இவர் ஓடுகிற ஆள் இல்லை என்று தெரியும். மீதியை சமரச மையத்தில் உட்கார்ந்து பேசலாம். அங்கே என்னோடு வந்தவர்களில் பலர் ‘பேசித் தீர்ந்தது’ என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் பாதியை எழுதாமல் கிளம்பினார்கள். இவர்கள் கேஸும் அப்படி எழுதாமல் விட்டதில் வந்ததுதான்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:
கட்டலாம், ஆனால் ‘உரிமைக்குப் பாதகம் இல்லாமல்’ என்று மெமோவில் எழுதித்தான் கட்டணும், இல்லாவிட்டால் போதிய காரணம் என்ற உங்கள் வாதத்தை நீங்களே கைவிட்ட மாதிரி ஆகும். அதை உங்கள் வக்கீல் முடிவு செய்யட்டும். லோக் அதாலத்தில் முடிந்தால் நல்லது, அங்கே போடுகிற அவார்டுக்கு அப்பீல் கிடையாது, மூன்று விஷயம் தனித்தனியாக வரணும்: மகன் பேரில் உள்ள பாக்கி முழுவதும் முடிந்தது, மகளுக்கு இனி மாதம் இவ்வளவு, எந்தக் கணக்கில் எந்தத் தேதிக்குள். மகள் தொகையைக் குறைத்து மகன் பாக்கியைத் தள்ளுபடி செய்கிற மாதிரி எழுத விடாதீர்கள், குழந்தைக்குச் சேர வேண்டியதை அம்மாவே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது, நாளைக்கு அது நிற்காது.

பின்னலாடைக்காரன்:
நன்றி சார், நன்றி அக்கா. ஜி.பே.யில் பார்த்தேன், 2023 முதல் எல்லாவற்றிலும் ‘பாப்பா ஸ்கூல்’ என்று குறிப்பு இருக்கிறது, அதற்கு முந்தினது வெறும் டிரான்ஸ்பர். பழைய மனு எதுவும் நிலுவையில் இல்லை என்று வக்கீல் இ-கோர்ட்ஸில் பார்த்துச் சொல்லிவிட்டார். 2019 உத்தரவின் சான்று நகலுக்கு மனு கொடுத்தாச்சு.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:
ஒரு வருடக் கணக்குக்குள் வருகிற மாதங்களுக்குக் குறிப்பு இருக்கிறது, அது போதும். நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தில் உத்தரவுப் பகுதியைப் படியுங்கள். ‘ஒவ்வொருவருக்கும் 6,000’ என்று இருக்கிறதா, ‘இருவருக்கும் சேர்த்து 12,000’ என்று இருக்கிறதா. சேர்த்து என்று இருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், அந்த 18,000 கணக்கை மறுபடி போடணும்.