உப்புத்தாளால் நான் அழித்த முத்திரை

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவன் நான்; முதல் துப்பாக்கியில் என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொன்னால் பழைய ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

உரிமம் கைக்கு வந்ததும் நான் வாங்கியது ஒரு மொசின் நகான் 91/30, இரண்டாம் உலகப் போர்க்கால ரஷ்யத் துப்பாக்கி. போர் முடிந்தபின் சோவியத் ராணுவம் பழுது பார்த்து, துருப்பிடிக்காமல் இருக்க காஸ்மோலின் கிரீஸ் அப்பி, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தவற்றில் ஒன்று. அந்த கிரீஸோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். ஆறிப்போன மெழுகு மாதிரி, பழுப்பாக, திருகுகளின் காடி வரை அடைந்து கிடக்கும். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை, பிரித்துச் சுடுதண்ணீரில் போட்டேன், எண்ணெய்ப் படலம் மேலே மிதந்து வந்தது. அதுவரை சரி. மரக்கட்டை அழுக்காக இருக்கிறதே என்று உப்புத்தாளை எடுத்தேன் பாருங்கள், அதுதான் வினை. ஒரு நாள் முழுக்கத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, புது நாற்காலி மாதிரி பளபளக்க வைத்தேன்.

பெருமையாக அதை ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பது வருடமாகச் சேகரிப்பவர். கையில் வாங்கியவர் குழலைப் பார்க்கவில்லை, கட்டையின் வலப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“தம்பி, இங்கே ஒரு முத்திரை இருந்திருக்குமே?”

இருந்தது. மங்கலான ஒரு வட்டம். கறை என்று நினைத்துத் தேய்த்துவிட்டிருந்தேன்.

அவர் திட்டவில்லை. உள்ளே போய் எம் 39 என்ற துப்பாக்கியை எடுத்து வந்தார். பின்லாந்து செய்தது. குழல்மேல் கட்டத்துக்குள் ‘எஸ்ஏ’ என்ற பின்லாந்து ராணுவத்தின் குறி, பக்கத்தில் 1942. “இது எந்த வருடத்துத் துப்பாக்கி?” என்றார். 1942 என்றேன். சிரித்துக்கொண்டே வளையங்களைத் தளர்த்தி, இரண்டு திருகைக் கழற்றி, இரும்பை மரத்திலிருந்து தூக்கினார். குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடலான ரிசீவரின் வால்பகுதிக்கு அடியில், மரம் மூடியிருந்த இடத்தில், 1897 என்று பொறித்திருந்தது.

ஜார் காலத்து ரஷ்ய ரிசீவர். பின்லாந்துக்காரர்கள் தங்கள் கைக்கு வந்த ரஷ்யத் துப்பாக்கிகளின் ரிசீவரை வீணாக்காமல், புதுக் குழலும் புதுக் கட்டையும் போட்டுத்தான் எம் 39 செய்தார்கள். ஆக, ரஷ்யா செய்த இரும்பு, 45 வருடம் கழித்து ரஷ்யாவுக்கு எதிராகவே போருக்குத் தயாரானது. அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை.

அப்புறம் நான் பார்வையே மாற்றிக்கொண்டேன். ஜப்பான் ராணுவத் துப்பாக்கியான அரிசாகாவில் சக்கரவர்த்தியின் செவ்வந்திப் பூச் சின்னம் இருக்கும். 1945இல் சரணடைந்தபோது பெரும்பாலானவற்றில் அதைச் சுரண்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். பூ அழியாமல் இருப்பதற்கு மவுசு அதிகம். நண்பர் ஒருவரின் சுரண்டிய அரிசாகாவில் புதுப் பூ செதுக்கித் தருவதாக ஒருவர் ஆசை காட்டினார். நல்ல வேளை, நண்பர் மசியவில்லை.

ஜெர்மன் ராணுவத் துப்பாக்கியான கார் 98கே விஷயத்தில் நானே ஏமாந்தேன். “எல்லாப் பாகத்திலும் தொடர் எண் ஒத்துப்போகும்” என்றார் விற்றவர். போல்ட்டிலும் ரிசீவரிலும் ஒரே எண்தான், பொய்யில்லை. ஆனால் போல்ட்டில் இருந்தது அச்சு அடித்த எண் இல்லை, இரும்பில் எழுதும் மின் பேனாவால் கிறுக்கியது. ரிசீவரில் சின்னதாக ஒரு ‘எக்ஸ்’ வேறு. சோவியத் படை கைப்பற்றி, மொத்தமாகக் கழற்றி, கிடைத்த பாகத்தைக் கோத்து, பிறகு எண்ணைப் பொருத்திய துப்பாக்கி. அதுவும் ஒரு வரலாறுதான், ஆனால் கொடுத்த காசு வேறு வரலாற்றுக்கு. ஜெர்மன் ஆலையில் அடித்த எண் ஆழமாக, ஒரே சீராக இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் இப்போது வாங்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. சுவிஸ் ராணுவத் துப்பாக்கியான கே 31 வைத்திருப்பவர்கள், கட்டையின் பின்முனையில் இருக்கும் தகட்டின் இரண்டு திருகையும் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றில் அதைச் சுமந்த சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். என்னுடையதைத் திறந்தபோது கை நடுங்கியது. திருகுப்புளி வழுக்கி, திருகின் தலையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. உள்ளே நான்காக மடித்த காகிதம். ஓரம் கொஞ்சம் பொடியாகியிருந்தது. தட்டச்சில் அடித்த பெயர், பிறந்த வருடம், ஒரு கிராமம். படம் எடுத்துக்கொண்டு, அதே மடிப்பில் மடித்து, அதே பக்கமாகத் திரும்ப வைத்தேன்.

அந்தக் கீறலை மட்டும் பெரியவரிடம் இன்னும் காட்டவில்லை.