லா பூஸ் மறைகுறி: புறா ஜோடியைத் தாண்டி யாராவது போனீர்களா?

செம்பருந்து:
மூன்று வாரமாக லா பூஸின் மறைகுறித் தாளில் உள்ள பதினேழு வரிகளோடு உட்கார்ந்திருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலிவியே லெவாசர் என்ற பிரெஞ்சுக் கடற்கொள்ளையன், பட்டப்பெயர் லா பூஸ், நம் மொழியில் பருந்து என்று வைத்துக்கொள்ளலாம். 1721 ஏப்ரலில் ரெயூனியன் தீவுக் கரையில், புயலில் பாய்மரம் முறிந்து பழுதுபார்க்க நின்றிருந்த நோசா செஞ்ஞோரா தோ காபோ என்ற போர்த்துகீசியக் கப்பலை, டெய்லர் என்ற ஆங்கிலேயக் கொள்ளையனோடு சேர்ந்து பிடித்தான். கோவாவிலிருந்து கிளம்பிய கப்பல் அது, பதவி முடிந்து ஊர் திரும்பிய வைஸ்ராயும் அதில் இருந்தார், வைரம் ஏராளம். 1730 ஜூலை 7 அன்று அதே தீவில் லெவாசரைத் தூக்கில் போட்டார்கள். போடும் முன் கூட்டத்துக்குள் ஒரு தாளை வீசி, புரிந்தவன் என் புதையலை எடுத்துக்கொள்ளட்டும் என்றானாம்.

சரி, என் பிரச்சினை இதுதான். குறிகளை எழுத்தாக மாற்றிவிட்டேன், பிரெஞ்சுச் சொற்களும் வருகின்றன. ஆனால் வருவதோ 'ஊன் பேர் த பிஜோன்', அதாவது ஒரு ஜோடிப் புறா. அப்புறம் குதிரைத் தலை மாதிரி ஒன்று, ஒரு கரண்டித் தேன், ஒரு பெண், ஒரு நாய். வரிகளின் முதல் எழுத்துகளை எடுத்து மூன்று மூன்றாக நகர்த்திப் பார்த்தபோது 'வடக்கு', 'பாறை' என்று படிக்கக்கூடிய துண்டுகள் கிடைத்தன. உள்ளே இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கிறதா, நான் சரியான வழியில்தான் போகிறேனா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கட்டமும்_புள்ளியும்:
முதல் படியைச் சரியாகவே தாண்டியிருக்கிறீர்கள் நண்பரே. இது பிக்பென் வகை. சதுரக் கட்டம் இரண்டு, பெருக்கல் குறி இரண்டு வரைந்து அதில் எழுத்துகளை அடைப்பது, எழுத்துக்குப் பதில் அது உட்கார்ந்திருக்கும் மூலையின் வடிவத்தை மட்டும் எழுதுவது. ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு, நாலும் நாலும் எட்டு, ஆக 26. ஒரே வடிவம் இரண்டு தடவை வரும் என்பதால் இரண்டாவதுக்கு நடுவில் புள்ளி. இப்போது பொதுவாகப் புழங்கும் அடுக்கில் முழுச் சதுரம் என்றால் 'இ', அதே சதுரத்துக்குள் புள்ளி வைத்தால் 'என்'. ஒரு புள்ளி மங்கினால் போதும், பிரெஞ்சில் அடிக்கடி வரும் இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிடும். அடுக்கு எதுவாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. இந்த மாதிரிப் பிழையில்தான் குதிரை என்று வரவேண்டிய 'ஷெவால்' உங்களுக்கு 'ஷெரால்' மாதிரி பிசகி வருகிறது. எழுதியவருக்கோ படியெடுத்தவருக்கோ கை தவறியிருக்கிறது, அவ்வளவுதான், அதற்குள் ரகசியம் தேடாதீர்கள்.

இரண்டாவது பூட்டு பற்றி நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. முதல் எழுத்தை எடுக்கலாம், கடைசி எழுத்தை எடுக்கலாம், மூன்று நகர்த்தலாம், பிழை என்று தோன்றும் எழுத்தைத் திருத்தலாம் என்று இத்தனை சலுகை கொடுத்தால் எந்தப் பத்தியிலிருந்தும் 'வடக்கு' வரவழைக்கலாம். இரண்டு சோதனை செய்யுங்கள். உங்கள் விதியை முதல் எட்டு வரிகளை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட்டு, கை வைக்காமல் மீதி ஒன்பது வரிகளில் ஓட்டுங்கள், அங்கேயும் பொருள் வரவேண்டும். அடுத்து, இதே விதியைப் புதையலோடு சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒரு பழைய பிரெஞ்சுக் கடிதத்தில் ஓட்டுங்கள். அங்கேயும் பாறையும் வடக்கும் வந்தால் அவை மறைகுறியில் இருந்தவை அல்ல, உங்கள் விதி உண்டாக்கியவை.

பழைய_ஏடு:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'ப்ரெனே' என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், 'மெத்தே' என்றால் வையுங்கள். ஒரு கரண்டித் தேன் எடுங்கள், அதன்மேல் வையுங்கள், பிற்பாடு ஆண் ஒருவனை உறங்கவைப்பது போல ஒரு துண்டு. வழி சொல்கிறவன் நடக்கச் சொல்வான், திரும்பச் சொல்வான், அடி எண்ணச் சொல்வான். இங்கே அதெல்லாம் காணோம். இது கைவைத்தியக் குறிப்போ வசியக் குறிப்போ என்று படிப்பவர்கள் பக்கம்தான் நான். அந்த மாதிரிக் குறிப்புகளையும் மறைத்து எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது.

அப்புறம் அந்தத் தாளின் பூர்வீகம். இந்தக் குறிகளை உலகம் அறியச் செய்தது பாரிஸ் தேசிய நூலகத்தில் பணியாற்றிய ஷார்ல் த லா ரோன்சியேர் 1934ல் வெளியிட்ட நூல். தூக்குமேடைக்கும் அச்சுக்கும் நடுவே 204 வருடம். அத்தனை காலமும் அந்தத் தாள் எந்தெந்தக் கையில் இருந்தது என்ற சங்கிலி இல்லாமல் அதை லெவாசர் கையெழுத்து என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கொள்ளையையும் யோசியுங்கள். 1720களில் லண்டனில் அச்சான கடற்கொள்ளையர் வரலாறு ஒன்றில் இந்தக் கப்பல் பற்றி ஒரு காட்சி வரும். ஆளுக்கு 42 சிறு வைரம் பங்கு. ஒருவனுக்கு மட்டும் 42க்கு ஈடாக ஒரே பெரிய கல் விழுகிறது. அவன் அதை உரலில் போட்டு இடித்து, இப்போது என்னிடம் 43 இருக்கிறது, மற்றவர்களைவிட ஒன்று கூட என்கிறானாம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. கொள்ளை கப்பலிலேயே பங்காகிவிடும், அவனவன் பங்கு அவனவன் மடியில் போய்விடும். தலைவன் மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைக்க மற்றவர்கள் விடமாட்டார்கள். புதைத்ததற்கு நல்ல ஆதாரம் உள்ளவர் கேப்டன் கிட், 1699ல் நியூயார்க் பக்கம் கார்டினர்ஸ் தீவில். அதையும் அதே வருடம் அதிகாரிகள் தோண்டி எடுத்து அவர் மேல் வழக்குக்குச் சாட்சியாக்கினார்கள், 1701ல் லண்டனில் தூக்கு.

ஈரமணல்:
தேடுபவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல். செஷல்ஸில் மாஹே தீவின் பெல் ஓம்ப்ர் கரையில் ரெஜினால்ட் குரூஸ்-வில்கின்ஸ் 1949ல் தொடங்கி 1977ல் இறக்கும்வரை தோண்டினார், ஹெர்குலிஸின் பன்னிரண்டு வேலைகள் வரிசையில்தான் தடயம் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. பிறகு மகன் தொடர்ந்தார். கடல் நீர் ஊறிவரும் குழி, அடியில் கருங்கல், பம்ப் ஓடினால்தான் வேலை. அவர் உழைப்பை நான் மதிக்கிறேன், ஆனால் புதையல் வரவில்லை. அந்தத் தீவுகளில் 1770 வரை குடியேற்றமே கிடையாது என்பதால் ஒளித்துவைக்க நல்ல இடம்தான். அதே காரணத்தால் பார்த்ததாகச் சொல்ல ஒரு சாட்சியும் இல்லை.

களத்தில் இறங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று மட்டும். சாதாரண மெட்டல் டிடெக்டர் ஒரு தனி நாணயத்தை ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில்தான் பிடிக்கும், உப்பு ஈரம் உள்ள மணலில் காரணமே இல்லாமல் கத்தும். நான் ஒரு கடற்கரையில் அரை நாள் அதன் பின்னால் போய், ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்கால் போட்டுத் தோண்டி, கடைசியில் கையில் மிஞ்சியது துருப்பிடித்த ஒரு ஆணியும் ஆறு டப்பா மூடியும். இடுப்பளவுக்கு மேல் மணல் குழியில் இறங்கவே இறங்காதீர்கள், சுவர் சரியும்போது சத்தம் வராது. கிடைத்ததை நம்பவும் அவசரப்படாதீர்கள். 2015ல் மடகாஸ்கர் அருகே கேப்டன் கிட்டின் வெள்ளிப் பாளம் என்று 50 கிலோ எடையில் ஒன்றை எடுத்தார்கள், யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்தால் 95 சதவீதம் ஈயம்.

செம்பருந்து:
எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது சோதனையை நேற்று இரவே செய்தேன். ஒரு சாதாரண வியாபாரக் கடிதத்தில் என் விதியை ஓட்டியதும் நாலாவது வரியிலேயே 'வடக்கு' வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அந்த விதியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

ஆனால் தாளை விட மனமில்லை. புறாவும் தேனும் என்ன குறிப்பு என்றாவது முழுசாகப் படித்துவிட வேண்டும். நானும் தங்கையும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், பதினேழு வரிகளையும் மறுபடி படியெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். முதல் வரியை ஒப்பிட்டதிலேயே ஒரு குறியில் எனக்குப் புள்ளி தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. 1934 அச்சின் தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள்.