சுங்குடிக் கடை லோகோவில் கோபுரம் வேண்டுமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை போடப்போகிறேன். லோகோவில் கோபுரம், மல்லிகை, தறி, சேலை கட்டிய பெண் எல்லாம் வேண்டும் என்கிறார் அப்பா. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஐந்து நிறத்தில் செய்து வாட்ஸ்அப்பில் ஜேபெக்காக அனுப்பினார். பில் புத்தகத்தில் அது கறுப்புத் திட்டாக வருகிறது. என்ன செய்யலாம்?

சிம்மக்கல்_அச்சு: எங்கள் பட்டறையில் தினமும் இந்தக் கூத்துதான். முதலில் கறுப்பு வெள்ளையில் வரையச் சொல்லுங்கள், அதில் நின்றால்தான் நிறத்தைப் பற்றிப் பேச்சே. ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், கோபுரத்துச் சிலைகள் மை அப்பிக் காணாமல் போகும். அப்புறம், ஜேபெக் என்பது புள்ளிகளின் கூட்டம், போர்டுக்குப் பெரிதாக்கினால் உடையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைலை, கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி வரையும் மென்பொருளில் செய்ததை, காசு கொடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். போனில் பளிச்சிடும் ரோஸ் அச்சில் மங்கும். திரை ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறம் காட்டும்; அச்சு சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் கலவை.

வைகைக்கரை: கோபுரம் போடாத போர்டை மதுரையில் தேடத்தான் வேண்டும், உங்களுடையதை யார் நினைவு வைப்பார்? சுங்குடி என்றாலே, துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து வரும் புள்ளிதான். கடைப் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளிகளால் வரைந்து பாருங்கள், ஆனால் பத்துப் பதினைந்துக்கு மேல் வேண்டாம். நைக்கி ஷூ கம்பெனியின் லோகோவான வளைகோடு 1971இல் ஒரு மாணவி 35 டாலருக்கு வரைந்தது. ஒரே கோடு!

கேட்டவர்: சரி, புள்ளி எழுத்தை வரைந்து காட்டினேன். "கோலம் மாதிரி இருக்கு" என்றார் அப்பா. மல்லிகையை மட்டும் விடமாட்டாராம்.